திட்டியவர்கள் போட்ட ஓட்டு

திருத்தங்கலில் ஒரு போஸ்டரைக் கையில் கொடுத்தால் யாரும் முதலில் அதிலிருக்கிற முகத்தைப் பார்ப்பதில்லை. ஓரத்தைப் பார்ப்பார்கள். நான்கு நிறமும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா, இல்லை தலைவரின் மூக்குக்குப் பக்கத்தில் இன்னொரு மூக்கு சிவப்பாக எட்டிப் பார்க்கிறதா என்று கவனிப்பார்கள். பிறகு தாளை விரலால் சுண்டி அதன் கனத்தைச் சொல்வார்கள். யார் இந்த ஆள் என்ற கேள்வி கடைசியில்தான் வரும், அதுவும் வேறு வேலை இல்லாவிட்டால். வீட்டுக்கு ஒருவர் அச்சகத்தில் இருக்கிற ஊர் அப்படித்தான் இருக்கும்.

ஒரு சமயம் அங்கே வந்த சென்னைக்காரர் ஒருவருக்கு இது தெரியவில்லை. தன் வேட்பாளரின் போஸ்டரை எங்கள் அச்சகத்தில் அடிக்கக் கொடுத்தவர், முதல் பிரதியை எதிர்த்த டீக்கடையில் ஒட்டிப் பார்த்தார். கூடி நின்றவர்கள் தலையாட்டியதைக் கண்டு அவருக்கு ஒரே சந்தோஷம். "பாஸ், நம்ம ஆளுக்கு என்னா ரெஸ்பான்ஸ் பாருங்க" என்றார். அவர்கள் தலையாட்டியது நீலம் நன்றாக ஏறியிருப்பதைப் பார்த்துத்தான் என்று நான் சொன்னேன். மிஷினை ஓட்டியவன் நான் என்பதால் அந்தப் பாராட்டில் எனக்கும் பங்கு உண்டு. அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னை அரசியலுக்குள் இழுத்துவிட்டது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த பத்தாண்டு முடியப்போகிற சமயம் அது. ஒரு கட்சி, தன் இளைஞர் அணிப் பதவிகளுக்கு மேலேயிருந்து ஆள் போடாமல், வட்டாரத் தலைவர் முதல் மாநிலத் தலைவர் வரை உறுப்பினர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும் என்று முடிவு செய்திருந்தது. எங்கள் பக்கம் இதை யாரும் நம்பவில்லை. கட்சிப் பதவி என்பது கார் வைத்திருப்பவர் வீட்டுக்குத் தானாகப் போய்ச் சேருகிற ஒன்று என்றுதான் பார்த்திருந்தோம். சென்னைக்காரர், மாநிலத் தலைவர் பதவிக்கு நின்ற ஓர் இளைஞரின் ஆள். வெளிநாட்டில் அதிபராக ஆசைப்படுகிறவர் முதலில் சொந்தக் கட்சிக்குள்ளேயே ஓட்டு வாங்கியாக வேண்டுமாம். அதற்காக மாநிலம் மாநிலமாக ஆள் சேர்த்து, அலுவலகம் போட்டு, வீடு வீடாகக் கதவைத் தட்டுவார்களாம். அதை இங்கே மாவட்டம் மாவட்டமாகச் செய்யப்போவதாகச் சொன்னார். விருதுநகர் மாவட்டத்துக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் தேவைப்பட்டார். கல்யாணப் பத்திரிகை அடித்த வகையில் எனக்குத் தெரியாத ஊரே இந்தப் பக்கம் கிடையாது என்று நான் பெருமை பேசியிருந்தேன். பேசிய வாய்க்குப் பலன் அன்றே கிடைத்தது.

அந்தக் கட்சிமேல் எனக்குத் தனிப் பாசம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் தீராத ஆசை இருந்தது. முன்பின் பார்த்திராத ஒருவனுக்காக ஒரு மனுஷன் ஏன் 'சரி' என்று சொல்கிறான்? சொன்ன சரியை அவன் எதை நினைத்துக் காப்பாற்றுகிறான், எப்போது கைகழுவுகிறான்? மிஷினுக்கு முன்னால் நின்றுகொண்டு இதைத் தெரிந்துகொள்ள முடியாது. தீபாவளி கழிந்து வருகிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பைத்தியம் என்ற சொல் தெளிவாக அச்சாகியிருந்தது.

சிவகாசியில் ஒரு லாட்ஜ் அறைதான் அலுவலகம். சுவரில் பெரிய தாள் ஒட்டி, மேலே மாநிலம், கீழே மாவட்டம், அதற்குக் கீழே வட்டாரம், கிளை என்று கட்டம் கட்டமாக வரைந்திருந்தார் சென்னைக்காரர். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் ஆளைப் பிடிக்க வேண்டும். அந்த ஆள் தன் பங்குக்கு உறுப்பினர்களைப் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்தவர்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மார்க் போட வேண்டும். ஒன்று என்றால் உறுதியாக நம் ஆள். ஐந்து என்றால் நம்மைக் கண்டாலே ஆகாதவர்.

என் டி.வி.எஸ். வண்டியில் ஊர் ஊராகச் சுற்றினேன். போன இடமெல்லாம் ஒன்றுதான். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. "ஆகட்டும்க, பார்த்துக்கிடலாம்", "நீங்க சொல்லணுமாக்கும், நம்ம பிள்ளைதான" என்றே பேசி அனுப்பினார்கள். சென்னைக்காரர் மடிக்கணினியைப் பார்த்துக் குதித்தார். தமிழ்நாட்டிலேயே பலமான மாவட்டம் எங்களுடையதுதான் என்று மேலே தகவல் சொன்னார். எனக்குத்தான் உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குக் கூப்பிட்டால்கூட முதலில் ஆகட்டும் என்றுதான் சொல்வார்கள்.

உறுத்தலுக்குக் காரணம் விருதுநகர் பஜாரில் தெரிந்தது. உறுப்பினரான ஒரு பருப்பு வியாபாரி என்னை உட்காரவைத்து, காப்பி வரவழைத்துக் கொடுத்து, ஆகட்டும்க என்றார். வெளியே வந்து பக்கத்துக் கடையில் நின்று வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் வேட்பாளரை எதிர்த்து நின்றவரின் ஆள் ஒருவர் உள்ளே போனார். அதே நாற்காலி, அதே காப்பி, அதே ஆகட்டும்க. எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு எங்கள் இரண்டு பேர்மேலும் துளிக்கூடப் பகை இல்லை, வேண்டியதெல்லாம் நாங்கள் கடையைவிட்டுக் கிளம்புவதுதான். மனுஷன் எவ்வளவு மரியாதையாக ஒரு வேலையை முடித்துவிட்டார் என்ற வியப்புதான் மிஞ்சியது.

தாளில் ஒரே ஒரு வட்டாரத்துக் கட்டம் மட்டும் காலியாகவே கிடந்தது. வெம்பக்கோட்டை போகிற ரோட்டிலிருந்து சற்று உள்ளே இருக்கிற ஊர்தான் அந்த வட்டாரத்தின் தலை. அங்கே நிலபுலம் உள்ள ஒரு வீட்டின் மகன் நெடுங்காலமாக இளைஞர் அணியின் வட்டாரத் தலைவர். அவர் எங்களை எதிர்த்த வேட்பாளரோடு இருந்தார். அவரை எதிர்த்து நிற்க ஊருக்குள் ஆள் இல்லை. கிழக்குத் தெருவில் வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள் என்று டீக்கடைக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். கிழக்குத் தெருக்காரர்கள் ஒரு காலத்தில் அந்த வீட்டு நிலங்களில் கூலிக்கு உழைத்தவர்கள். இப்போது தெருவே வேன் ஏறிப் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறது.

நான் அக்கா என்று கூப்பிடப்போகிறவரை அங்கேதான் பார்த்தேன். முப்பதைத் தாண்டியிருப்பார். கம்பெனி விட்டு வந்து, வீட்டு வாசலில் உட்கார்ந்து மத்தாப்பு டப்பா ஒட்டிக்கொண்டிருந்தார். நான் ஆரம்பித்ததுதான் தாமதம், பிடித்துக்கொண்டார். உறுப்பினர் சேர்க்க மட்டும் தெருவுக்கு வந்து போட்டோ வாங்கிப்போனவர்கள் அதற்கப்புறம் எங்கே போனார்கள்? எங்கள் தெரு ஆட்கள் தலையை எண்ணுவதற்கு மட்டும்தான் உதவுவார்களா? தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. போஸ்டரை வாங்கி விரித்துப் பார்த்து, ஓட்டு வேண்டும் என்கிற முகத்தில் இவ்வளவு பவுடர் எதற்கு என்று அதையும் திட்டினார். கடைசியில் டப்பாக்களை ஒதுக்கி வைத்துவிட்டு, வட்டாரத் தலைவர் பதவிக்குத் தானே நிற்பதாகச் சொன்னார்.

ஏன் என்று கேட்டேன். கேட்காமல் இருக்க எனக்குத் தெரியாது.

அவருடைய தங்கைக்குக் கம்பெனியில் தீக்காயம் பட்டதாம். ஆஸ்பத்திரியில் இடமில்லை என்றதும், ஒரு போன் செய்யச் சொல்லிக் கேட்பதற்காகத் தெருவே போய் அந்த வட்டாரத் தலைவர் வாசலில் நின்றதாம்.

"அவுக குளிச்சு, சாமி கும்பிட்டு, சாப்பிட்டுத்தான் வெளிய வந்தாக. ஒரு போனு. 'வட்டாரத் தலைவர் பேசுறேன்'னு ஒரு வார்த்தை. அம்புட்டுத்தான், அங்கன கட்டில் கெடைச்சிருச்சு. குத்தம் சொல்லல, தங்கச்சி பொளச்சுக்கிட்டா. ஆனா அந்த வார்த்தைய நான் சொல்லணும் தம்பி. எனக்கு வேற ஒன்னும் வேணாம்."

என்னிடமிருந்த மார்க் பட்டியலை வாங்கிப் பார்த்தார். பக்கம் பக்கமாக எல்லோருக்கும் ஒன்று. சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "காப்பி கொடுக்கவன் உங்கள வெரசா அனுப்பப் பார்க்கான். திட்டுறவன்தான் நம்ம ஆளு. ஓட்டே போடப் போகாதவன் எதுக்குத் தொண்டை வலிக்கக் கத்துறான்?" என்றார். அப்படியானால் நீங்கள் என்னைத் திட்டியது என்று இழுத்தேன். "பின்னே?" என்றார்.

அதிலிருந்து என் கணக்கு தலைகீழானது. காப்பி கொடுத்தவருக்கு நாலு. வண்டியிலிருந்து இறங்கவிடாமல் பிடித்து வைத்துக் கேள்வி கேட்டவருக்கு ஒன்று. எங்கள் மாவட்டம் திடீரென்று சரிந்துவிட்டதாகச் சென்னைக்காரர் பதறினார். சரியவில்லை, இப்போதுதான் தரையைத் தொட்டிருக்கிறோம் என்றேன். எனக்கு அந்த நாட்கள் ரொம்பப் பிடித்திருந்தன. விஸ்வநத்தத்தில் ஒருவர் என்னை வெயிலில் நிறுத்தி, கட்சி பிறந்ததிலிருந்து செய்த தப்பையெல்லாம் வரிசையாகச் சொன்னார். நான் ஆனந்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். திட்டு வாங்கிவிட்டு இப்படிச் சிரிக்கிறவனை அவர் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார்.

அக்கா சுவரிலிருந்த கட்டங்களைச் சட்டை செய்யவில்லை. அவருக்குக் கூட்டம் நடத்தும் இடம் கம்பெனி வேன். காலையிலும் சாயந்தரமும் பக்கத்துக் கிராமத்து ஆட்களையும் அடைத்துக்கொண்டு போகிற வேன் அது. யாரும் பாதியில் எழுந்து போகமுடியாத கூட்டம் வேறு எந்தக் கட்சிக்குக் கிடைக்கும்? ஒரு நாள் நானும் தொற்றிக்கொண்டு போனேன். உள்ளே தேர்தலைப் பற்றி யாரும் பேசுகிற மாதிரியே தெரியவில்லை. ஒருத்தி ரேஷன் கடையைப் பேசினாள், இன்னொருத்தி மாமியாரைப் பேசினாள், அக்கா எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். இறங்கும்போது ஒரு பெண், "ஒனக்குப் போடாம வேற யாருக்குப் போடுறது, ஆனா ஜெயிச்சுப்புட்டு மெதப்பா நடந்தேன்னு வச்சுக்கோ" என்று விரலை ஆட்டிவிட்டுப் போனாள். நான் மனதுக்குள் ஒன்று போட்டுக்கொண்டேன்.

ஓட்டுப்பதிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிவகாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. ஆட்களைக் கூட்டிவர அதே வேனையே பேசி வைத்திருந்தோம். டிரைவரும் தெரிந்தவர், வண்டியும் பழகியது. நானும் அக்காவும் காலையிலேயே மண்டபத்துக்குப் போய்விட்டோம். அக்கா புதுச் சேலை கட்டியிருந்தார்.

மற்ற ஊர் வேன்கள் வந்தன. வட்டாரத் தலைவர் தன் ஆட்களோடு கார்களில் வந்து இறங்கினார். எங்கள் வேனைக் காணோம். டிரைவருக்குப் போன் அடித்தால் மணி போய்க்கொண்டே இருந்தது. வெயில் ஏறியது. பொறுக்க முடியாமல் இருவரும் என் வண்டியில் ஊருக்குப் போனோம். கிழக்குத் தெரு காலியாகக் கிடந்தது. வேன் காலையிலேயே ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டதே என்று தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் சொன்னாள். அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஏலே, வண்டிய கம்பெனிக்கு விடு" என்றார்.

நடந்தது இதுதான். வேன் வந்து வழக்கம்போல ஹாரன் அடித்தது. எல்லோரும் வழக்கம்போல ஏறி, வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார்கள். பாதிப் பேர் கையில் சோற்றுத் தூக்குவாளிகூட இருந்தது. மெயின் ரோட்டில் வலது பக்கம் திரும்பினால் சிவகாசி, இடது பக்கம் திரும்பினால் கம்பெனி. டிரைவரின் கை இடது பக்கம் ஒடித்தது. தினமும் போகிற ரோடு என்பதால் ஒருவருக்கும் எதுவும் தோன்றவில்லை. கம்பெனி கேட்டில் நின்றபோதுதான் விழித்தார்கள். அங்கே ஒரு லோடு அவசரமாகப் போக வேண்டியிருந்தது. ஆள் பற்றாமல் தவித்துக்கொண்டிருந்த போர்மேனுக்குச் சாமியே அனுப்பிவைத்த மாதிரி இருந்திருக்கும். ஓட்டு சாயந்தரம் வரைக்கும் இருக்கிறதே, வந்ததற்கு அரை நாள் பார்த்துவிட்டுப் போங்கள் என்று கேட்டிருக்கிறார். இவர்களுக்கு முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. டிரைவரின் போன் வாட்ச்மேன் மேசையில் கிடந்து கத்திக்கொண்டிருந்தது.

நான் உள்ளே ஓடிப்போய் எல்லோரையும் கிளப்பிக்கொண்டு வந்துவிடலாம் என்றேன். அக்கா கேட் கம்பி வழியாகப் பார்த்தார். ஒவ்வொரு அறை முன்னாலும், அன்றைக்குக் கலந்த மருந்து தட்டுகளில் இருந்தது. வெடியில் அடைக்கிற பொடியைத்தான் மருந்து என்பார்கள். கலந்துவிட்டால் அன்றைக்கே தீர்த்தாக வேண்டும், கிடப்பில் விட்டால் தானே பற்றிக்கொள்ளும்.

"கலந்த மருந்த அப்படியே போட்டுட்டு வந்தா நாளைக்கு ஓட்டுப் போட ஆளு இருக்காது தம்பி" என்றார். போர்மேனிடம் இதற்குமேல் கலக்க வேண்டாம் என்று சத்தமாகச் சொன்னார். பிறகு புதுச் சேலைக்கு மேலே ஒரு பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்து அடைக்க ஆரம்பித்தார். சீக்கிரம் தீர அது ஒன்றுதான் வழி.

நான் வெளியே ஒரு கருவேல மரத்தடியில் நின்றேன். அவ்வளவு பதைப்பிலும் எனக்குப் பார்க்கத் தோன்றியது. பதவியை இன்றைக்குள் பிடித்தாக வேண்டிய ஒருவர் கொஞ்சமும் அவசரப்படாமல் கை நகர்த்திக்கொண்டிருந்தார். மருந்தின் முன்னால் அவசரம் கூடாது. என்னால் அப்படி ஒரு நிமிஷம் இருந்திருக்க முடியாது.

மருந்து தீர்ந்ததும் தொட்டியில் அவசரமாகக் கையை அலசிக்கொண்டு வேனில் ஏறினார்கள். டிரைவர் இந்தத் தடவை ரோட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். மண்டபத்துக் கதவை மூடுகிற நேரத்துக்கு உள்ளே போய்விட்டோம். உள்ளே வந்தவர்கள் எல்லோரும் போடலாம் என்று தேர்தல் அதிகாரி சொல்லிவிட்டார். வெளி மாநிலத்துக்காரர், எவருக்கும் சாயாத நல்ல மனுஷன். வரிசை நகர்ந்தது. அக்கா கடைசியில் நின்று போட்டார். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

எண்ணும்போதுதான் தெரிந்தது. முதல் சீட்டைப் பிரித்த அதிகாரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தாளில் வெள்ளி நிறத்தில் பளபளவென்று ஒரு கைரேகை. மருந்தில் கலக்கிற அலுமினியப் பொடி தண்ணீரில் அலசினால் போகாது. எண்ணெய் போட்டுத் தேய்த்து, அப்புறம் சோப்புப் போட வேண்டும். அதற்கு எங்கே நேரம் இருந்தது? ஓட்டுப் போட்டவர் யார் என்று காட்டுகிற அடையாளம் சீட்டில் இருந்தால் அது செல்லாது என்பது விதி. அதிகாரி வருத்தத்தோடுதான் சொன்னார். நான் வாதாடினேன். மாநில வேட்பாளரின் பிரதிநிதி எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் இந்த வட்டாரத்து முடிவை நிறுத்திவைத்து மேலே கேட்பதாக அவர் சொன்னார்.

பிரதிநிதி சென்னைக்காரர்தான். அவர் மடிக்கணினியைப் பார்த்தார். "பாஸ், ஸ்டேட்ல நம்ம லீட் சேஃபா இருக்கு. ஒரு பிளாக்குக்காக எதுக்கு ரிசல்ட்ட நிறுத்திக்கிட்டு? விடுங்க" என்றார். அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். அவர் கெட்டவர் இல்லை. தனக்கு வேண்டியது கிடைத்துவிட்டவர், அவ்வளவுதான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

தள்ளுபடி செய்கிற சீட்டு ஒவ்வொன்றையும் எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் தனியே வைக்க வேண்டும். அதிகாரி ஒழுங்காகக் காட்டினார். ஒவ்வொன்றிலும் அக்காவின் பெயருக்கு நேரே முத்திரை, பக்கத்திலேயே வெள்ளிக் கட்டைவிரல். வட்டாரத் தலைவருக்கு விழுந்த கட்டு ஒரு பக்கம், செல்லாத கட்டு ஒரு பக்கம். செல்லாத கட்டு வளர்ந்து அவருடையதைத் தாண்டிப் போயிற்று. அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெற்றி என்று அறிவித்தபோது எழுந்து கும்பிட்டாரே தவிர, முகத்தில் சிரிப்பு இல்லை.

அக்கா அழுவார் என்று பயந்தேன். அவர் அந்தக் கட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "யாரு நம்ம ஆளுன்னு கண்டுபிடிக்கணும்னு எம்புட்டு அலைஞ்சீக. இந்தா, இங்கன இருக்கு பாருங்க" என்றார். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. நான் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு ஊர் ஊராக அலைந்தது மேசைமேல் பளபளத்துக்கொண்டு கிடந்தது. அதை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது.

எங்கள் வேட்பாளர் மாநிலத் தலைவரானார். நன்றி என்று எல்லோருக்கும் சேர்த்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. நான் அச்சகத்துக்குத் திரும்பிவிட்டேன். முதலாளி ஒன்றும் கேட்கவில்லை, காலண்டர் ஆர்டர் குவிந்து கிடந்தது.

தீபாவளி கழிந்து கம்பெனிகள் மூடிக் கிடந்த நாட்களில், மிச்சப்பட்ட காலண்டர்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு கிழக்குத் தெருவுக்குப் போனேன். அக்கா வாசலில் சிறு கூட்டம். தெருவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலாகி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன இடத்தில் கட்டில் இல்லை, வேறு எங்காவது போங்கள் என்கிறார்களாம். அவள் புருஷன் அங்கிருந்து போன் செய்திருந்தான். ஊருக்குள் போய் வட்டாரத் தலைவரிடம் சொல்லலாமா என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். அக்கா தன் போனை எடுத்து ஆஸ்பத்திரி நம்பரை அடித்தார். எதிர்முனையில் யார் என்று கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"வட்டாரத் தலைவருக்கு நின்னவ பேசுறேன்" என்றார்.

வெள்ளிக் கை ஓட்டுக் கதை அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது, அந்தப் பக்கம் அந்தத் தெருவா என்று கேட்டிருப்பார்கள். "ஆமாங்க, வெள்ளிக் கையோட வந்து ஓட்டுப் போட்டாகள்ல, அந்தத் தெருதான். அம்புட்டுப் பேரும் இங்கனதான் நிக்கோம். வரணுமா, இல்ல நீங்களே பார்த்துக்கிடுதீகளா?" என்று மரியாதையாகக் கேட்டார். கொஞ்ச நேரம் காதில் வைத்தபடி நின்றார். பிறகு சரிங்க என்று வைத்துவிட்டு, கட்டில் ஆகிவிட்டது, யாராவது ஒருத்தி மாற்றுச் சேலை எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். அன்றைக்குக் கிழக்குத் தெருவிலிருந்து யாரும் எந்த வாசலிலும் போய் நிற்கவில்லை.